லான்ஸ் ஓ மெடோஸ்: கி.பி. 1021ன்னு அடிச்சுச் சொல்லலாமா?

கரிசல்காட்டான்:
கனடாவோட நியூஃபவுண்ட்லாந்து தீவு வடமுனையில, லான்ஸ் ஓ மெடோஸ்ங்கிற எடத்துல இருக்குற வைக்கிங் (வட ஐரோப்பியக் கடலோடிங்க) குடியிருப்புக்கு "கி.பி. 1021"ன்னு ஒத்தை வருஷத்தைக் குறிச்சு 2021ல ஆய்வு வந்துச்சு. எனக்கு ஒட்டவே இல்ல. கார்பன்-14ங்கிற கதிரியக்கக் கார்பன் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாத்துக் கணிக்கிற தேதின்னா முன்னப்பின்ன சில பத்து வருஷம் இழுக்கும். 1960கள்ல இங்ஸ்டாட் தம்பதி தோண்டி எடுத்த மாதிரிகளோட தேதியெல்லாம் நூத்துக்கணக்கான வருஷத்துக்குச் சிதறிக் கெடந்துச்சே!

வளையம்எண்ணி:
சிதறினது ஏன்னு பாருங்க. மரம் வருஷத்துக்கு ஒரு வளையமா வளரும்; ஒரு வளையம் எப்ப வளர்ந்துச்சோ அந்த வயசைத்தான் கார்பன் சொல்லும். நூறு வருஷ மரத்தோட நடுக்கட்டையை எரிச்ச கரின்னா, அடுப்பு மூட்டின நாளுக்கு நூறு வருஷம் முந்தின தேதி வரும்.

இந்தத் தடவை வேற வழி. 993ல விண்கதிர் திடீர்னு எகிறுனதுல, அந்த வருஷ வளையத்துல உலகம் பூரா கார்பன்-14 துள்ளியிருக்கு. ஜப்பான்ல மியாகே குழு முதல்ல கண்டுபிடிச்சது. அந்தத் துள்ளலை, குடியிருப்புல கெடச்ச மரக்கட்டையில தேடிப் பிடிச்சு, அங்கேர்ந்து பட்டை வரைக்கும் எண்ணுனா 28 வளையம். கூட்டிக்குங்க.

கரிசல்காட்டான்:
கணக்கு சரி. மரத்துக்கு வயசு வந்துச்சு, வீட்டுக்கு? கரையொதுங்கின பழைய கட்டையைப் பொறுக்கிச் செதுக்கியிருந்தா?

வளையம்எண்ணி:
மூணு கட்டை, மூணும் வேற வேற மரம். மூணுலயும் கடைசி வளையம் 1021தான். கடல் தள்ளிவிட்ட கட்டைங்க இப்படிப் பேசி வச்ச மாதிரி ஒரே வருஷத்துல செத்துருக்குமா? வெட்டுன தடமும் உலோகக் கருவியோடது. அங்க இருந்த பூர்வகுடிங்ககிட்ட அப்ப அந்தக் கருவி இல்ல.

கரிசல்காட்டான்:
கட்டை விஷயத்துல வாயடைச்சுட்டீங்க. ஆனா வைக்கிங் கடலோடி லெய்ஃப் எரிக்சன் 1000 வாக்குல வந்தாருன்னு படிச்சோமே, அது பொய்யா?

கடலோரவாசி:
ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. 1021ல கோடாலி விழுந்துச்சு, அவ்வளவுதான் தெரியும். முதல் கப்பல் எப்ப வந்துச்சு, கடைசி ஆள் எப்ப கிளம்புனான்னு அந்தக் கட்டை சொல்லாது. குப்பைமேடு சின்னது, புதைகுழி ஒண்ணும் அகப்படல. ரொம்ப நாள் தங்கலன்னுதான் தோணுது.

எனக்குப் பெரிய ஆச்சரியம் அங்க கிடைச்ச பட்டர்நட் கொட்டைங்க. வால்நட் ஜாதி. நியூஃபவுண்ட்லாந்துல அந்த மரமே கிடையாது; தெக்க நியூ பிரன்ஸ்விக் பக்கம் போனாத்தான் உண்டு. அங்க போயிட்டு வந்திருக்காங்க. எந்த வருஷம்?

வளையம்எண்ணி:
கொட்டையில வளையம் இல்லையே, என்ன பண்றது!