சட்டித் தணல் வைத்து வண்டியைக் கிளப்புவது சரியா?

கோத்தகிரிக்காரன்:
கனடாவில் சின்ன விமானம் ஓட்டப் படிக்கிறேன். லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்று விடியற்காலை தலைகுந்தாவில் புல்வெளி முழுக்க உறைபனி. மாமா கேரட் ஏற்றிய பிக்கப்புக்கு அடியில், என்ஜின் ஆயில் தேங்கும் சம்புக்கு நேராக, சட்டியில் தணல் வைத்தார். ஒரு சாண் தள்ளி டீசல் ஹோஸ் கசிந்த ஈரம். சொன்னதற்கு, "முப்பது வருஷமா வைக்கிறேன், என்ன ஆச்சு?" என்றார். அங்கே பழைய பைலட்கள் சிலரும் இதையேதான் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

லோடு அண்ணன், ஊட்டி:
செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கிவிட்டால் என்ன செய்வாய் தம்பி? மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரம் தப்பினால் விலை போச்சு. கடன் வாங்கி விதைத்தவனின் கேரட் அது. அலாஸ்கா பைலட்கள் அந்தக் காலத்தில் ராத்திரி ஆயிலை வடித்து அடுப்போரம் வைத்து, காலையில் என்ஜினைக் கித்தானால் மூடி, அடியில் தீ வைத்துத்தானே கிளப்பினார்கள்? குளிர் ஊரில் கைவைத்தியம் இல்லாமல் பிழைப்பு ஓடாது.

கோத்தகிரிக்காரன்:
உண்மைதான் அண்ணா. ஆனால் அவர்கள் தீயை விட்டு நகராமல் காவல் இருந்தார்கள். அப்படியும் விமானங்கள் எரிந்தன. மாமா டீ குடிக்கப் போய்விட்டார்.

சூடாக்குவதை நான் எதிர்க்கவில்லை. மைனஸ் 12 டிகிரிக்குக் கீழே போனால் சூடேற்றிவிட்டுத்தான் கிளப்ப வேண்டும் என்று சின்ன விமான என்ஜின் செய்யும் லைகமிங் கம்பெனியே தன் பெரும்பாலான என்ஜின்களுக்குச் சொல்கிறது. அலுமினிய உறை உள்ளே இருக்கும் எஃகுத் தண்டைவிட அதிகம் சுருங்கி பேரிங்கை இறுக்கும்.

'இதுவரை ஒன்றும் ஆகவில்லை' என்ற பேச்சுதான் ஆகாது. இறக்கை உறைபனியைத் தேய்த்து வழவழப்பாக்கினால் கிளம்பலாம் என்று அமெரிக்காவிலேயே சில வகை விமானங்களுக்கு 2010 வரை விதி இருந்தது. ஆனால் இறக்கையில் உப்புத்தாள் அளவு சொரசொரப்பு இருந்தாலே, அது தூக்குவிசையில் 30 சதவீதம் வரை தின்றுவிடும்.

1989இல் கனடாவின் டிரைடனில் ஃபோக்கர் விமானம் இறக்கைப் பனியோடு கிளம்பி விழுந்து 24 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் புதியவர் அல்ல. பெரிய என்ஜினைக் கிளப்ப உதவும் துணை என்ஜின் பழுது, என்ஜினை அணைத்தால் மறுபடி கிளப்ப அந்த ஊரில் கருவி இல்லை, என்ஜின் ஓடும்போது பனி நீக்கும் மருந்து அடிக்கக் கூடாது. பழுதைச் சரிசெய்யாமல் ஓட்டியதில்தான் எல்லாம் தொடங்கியது.

மெக்கானிக், குன்னூர்:
அப்படியானால் முதலில் இதைச் சொல். மாமா வண்டியில் ஹீட்டர் பிளக், அதாவது குளிரில் கிளப்ப டீசல் என்ஜினை உள்ளே சூடாக்கும் பிளக், வேலை செய்கிறதா?

கோத்தகிரிக்காரன்:
இப்போதுதான் பார்த்தேன். நாலில் இரண்டு செத்துக் கிடக்கிறது. தீபாவளிக்கு முன்பே போய்விட்டதாம்.

மெக்கானிக், குன்னூர்:
அதுதான் விஷயம். பிளக் செத்தால் தணல் வரும். ஹோஸையும் சேர்த்து மாற்று.

லோடு அண்ணன், ஊட்டி:
மாற்றட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வாடகையை யார் தருவார்? நான் தணலை விடப்போவதில்லை. பக்கத்தில் ஒரு வாளி மண் வைத்துக்கொள்கிறேன், டீயையும் அங்கேயே நின்று குடிக்கிறேன்.