இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்குமா, பிடிக்காதா?

பெயிண்ட் குடோனில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேர்ந்த பையன், டிகிரி முடித்தவன், தின்னர் டின்களைக் கொண்டுபோய் வெல்டிங் நடக்கிற பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தான். என்னப்பா இது என்று கேட்டால் டின்னைத் திருப்பிக் காட்டுகிறான், "இன்ஃப்ளேமபிள்னு போட்டிருக்குண்ணே, தீப்பிடிக்காது." திட்ட மனசு வரவில்லை. கரெக்டுக்கு இன்கரெக்ட், கம்ப்ளீட்டுக்கு இன்கம்ப்ளீட் என்று எதிர்ச்சொல் எழுதி மார்க் வாங்கியவன் வேறு எப்படித்தான் படிப்பான்? இதில் வேடிக்கை, ஆங்கிலமே படிக்காத லோடுமேன் அண்ணன் டின்னில் இருந்த தீ படத்தைப் பார்த்துவிட்டு முதலிலேயே வேண்டாம் என்றிருக்கிறார், இவன்தான் அவருக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

*

பையன் மேல் தப்பே இல்லைங்க. அந்த 'இன்' எதிர்மறை கிடையாது. லத்தீனில் இன்ஃப்ளமாரே என்றால் தீ மூட்டுவது, உடம்பில் ஓர் இடம் சிவந்து வீங்கி எரிந்தால் டாக்டர் இன்ஃப்ளமேஷன் என்கிறாரே, அதுவும் இதே வம்சம்தான். ஆக, ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுக்கும் ஒரே பொருள், தீப்பிடிக்காததை நான்-ஃப்ளேமபிள் என்று எழுத வேண்டும். இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே 1920களில் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தார் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதச் சொன்னார்கள், பிரிட்டனின் தர நிர்ணய அமைப்பும் 1959இல் அதே வழிக்கு வந்தது. நம் ஊர் டேங்கர் லாரிகளின் முதுகில் மட்டும் இன்னும் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் விஷயத்தில் யாரும் ஏமாறமாட்டார்கள், சரி. பேர் தெரியாத கெமிக்கல் டின்னில்தான் வம்பு.

*

என்னைக் கேட்டால் இதைவிட மோசமான சொல் 'எம்ப்டி'. பெஞ்சமின் லீ வோர்ஃப் என்று ஒரு மொழியியல்காரர், பிழைப்புக்குத் தீ இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. பெட்ரோல் நிரம்பின டிரம் இருக்கும் இடத்தில் அவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறவர்கள், 'எம்ப்டி' டிரம் பக்கத்தில் அலட்சியமாக சிகரெட் பிடிக்கிறார்கள் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். காலி டிரம்மில்தான் ஆவி காற்றோடு கலந்து நிற்கும், ஒரு பொறி போதும். எங்கள் தெருப் பட்டறை மேஸ்திரி, பழைய டீசல் டிரம்மை வெட்டுவதற்கு முன் நன்றாகக் கழுவித் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் கட்டரைக் கையிலேயே எடுக்கமாட்டார். குடோன் அண்ணே, தீர்ந்துபோன தின்னர் டின்களையும் வெல்டிங் பக்கம் போட விடாதீங்க.