டர்போ போட்ட எஸ்டீமில் நீலப் புகை: ஆயில் ரிட்டர்ன் பற்றி உதவி தேவை

வண்டி 2003 மாருதி எஸ்டீம், 1.3 லிட்டர் 16 வால்வு பெட்ரோல். இடம் கோயம்புத்தூர். டீசல் காரிலிருந்து கழற்றிய சிறிய டர்போ (புகைவாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) ஒன்றைப் போன மாதம் பொருத்தினோம். பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, 0.4 பாருக்கு மேல் விடவில்லை. இழுவை அருமை, புகைதான் தலைவலி.

ஓடும்போது சுத்தமாக இருக்கிறது. சிக்னலில் ஐடிலில் நின்றுவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை மூட்டம், அதாவது ஆயில் எரிகிறது. டர்போ போடுவதற்கு முன் இந்த இன்ஜின் ஆயில் குடித்ததே இல்லை.

கம்ப்ரஷன் பார்த்தாயிற்று, நான்கு சிலிண்டரும் சமம். பிசிவி வால்வு (இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியே விடுவது) புதிது. டர்போவின் சுழலும் நடுப்பகுதியான கார்ட்ரிட்ஜையும் மாற்றியாயிற்று, பர்ஸ் காலியானதுதான் மிச்சம். டர்போவுக்கு ஆயில் வரும் லைனில், வரத்தைக் குறைக்க 1 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் போட்டதும் புகை கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. டர்போவுக்கு அடுத்த புகைக்குழாயான டவுன்பைப்பைக் கழற்றிப் பார்த்தால் டர்பைன் (புகை போகும்) பக்கம் கறுப்பாக ஈரம். கம்ப்ரஸர் (காற்றை உள்ளே தள்ளும்) பக்கம் காய்ந்திருக்கிறது.

எனக்குச் சந்தேகம், டர்போவிலிருந்து ஆயில் திரும்பி வடியும் ரிட்டர்ன் குழாய் மேல். டர்போ தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் குழாய் சரிவே இல்லாமல் போய், இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஆயில் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சேர்கிறது. மெக்கானிக் அண்ணன் "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது" என்கிறார்.

இந்த இன்ஜினில் டர்போ போட்டவர்கள் சொல்லுங்கள்: ரிட்டர்ன் துளையை ஆயில் மட்டத்துக்கு மேலே மாற்றினால் போதுமா, இல்லை டர்போவைத் தாங்கும் புகை மேனிஃபோல்டை மாற்றி டர்போவையே உயர்த்தித்தான் ஆக வேண்டுமா?