சிடபிள்யூ (மோர்ஸ் கோடு) கான்டெஸ்ட்ல நம்பருக்கு பதிலா எழுத்து வருது, யாராவது சொல்லுங்க

கோத்தகிரி_டைபோல்:
வணக்கம். ஹாம் ரேடியோ ஜெனரல் கிரேடு லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆச்சு. நவம்பர் கடைசில சிக்யூ வேர்ல்ட்வைட் சிடபிள்யூல (599னு சிக்னல் ரிப்போர்ட்டும் அவங்கவங்க ஏரியாவோட சோன் நம்பரும் மாத்திக்கிற போட்டி) மொத தடவையா உக்காந்தேன், சனிக்கிழமை காலைல 5:30, வெளிய பனிமூட்டம், சில்வர் ஓக்குல கட்டுன ஆன்டெனா ஒயர் கூட தெரியல. 40 மீட்டர் பேண்டுல ஒரு ஜெர்மனி ஸ்டேஷன், 5 அடிச்சான், அப்புறம் சி மாதிரி ஒண்ணு, அப்புறம் ஏ4. பேப்பர் சைஸா சொல்றான்?? அதவிட கொடுமை, நம்ம சோன் 22க்கு ஃப்ரெண்ட் ஒருத்தர் கீயர் (மோர்ஸ் அடிச்சு குடுக்கற பெட்டி) மெமரில யு யுன்னு போட்டு குடுத்திருந்தாரு, அத அனுப்புனா மூணு தடவ கேள்விக்குறி வந்துச்சு, அப்புறம் ஆளையே காணோம். கீயர்ல கோளாறா இல்ல என் காதுலயா?

குன்னூர்_பேடில்:
ரெண்டும் நல்லாத்தான் இருக்கு தம்பி 😄 அது கட் நம்பர். மோர்ஸ்ல புள்ளி டிட், கோடு டா. நம்பர்ல வரிசையா வர்ற டா எல்லாத்தையும் ஒரே டாவா சுருக்கிடுவாங்க, டிட்டு அப்படியே நிக்கும். 1னா டிட் டா டா டா டா, சுருக்குனா டிட் டா, அதான் ஏ. இதே மாதிரி 2 யு, 3 வி, 7 பி (B), 8 டி (D), 9 என். சைபருக்கு ஒத்த டா, டீ, அதாவது T (நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்). 4லயும் 6லயும் இருக்கறதே ஒரு டாதான், சுருக்க ஒண்ணுமில்ல. 5க்கு ஈன்னு அடிக்கிறது மட்டும் இந்த கணக்குல சேராது, சும்மா வழக்கம். ஆக ஏ4னா 14, ஜெர்மனி சோன் அதான். நீ கேட்ட சி, என் என், அதாவது 99. நடுவுல கேப்ப முழுங்கிட்டா டா டிட் டா டிட், அச்சு அசல் சி.

கொடை_கீயர்:
அண்ணன் சொன்னது சரி, ஆனா யு யு வேணாம். 599ஐ முழுசா அடிச்சா 49 டிட் நேரம், 5 என் என்னா 25தான், பாதி மிச்சம், எல்லாரும் எதிர்பாக்கறதும் அதத்தான். 22க்கு பதிலா யு யு அடிச்சா நிமிஷத்துக்கு 25 வார்த்தை வேகத்துல மிச்சமாகறது முக்கால் செகண்ட். எதிர்ல இருக்கறவன் லாக் சாஃப்ட்வேர்ல நம்ம கால்சைனோட வியூன்னு (VU, இந்தியா) அடிச்ச உடனே 22 தானா வந்து உக்காந்திருக்கும், அதுக்கு சம்பந்தமில்லாத சத்தம் கேட்டா முழிக்கத்தான் செய்வான். மூணு தடவ திருப்பி அனுப்புனியே அதுல எவ்ளோ போச்சு? திருப்பி கேட்டா மெதுவா முழு நம்பரா அடி, அதே யு யுவ திரும்ப தள்ளாத.

கோத்தகிரி_டைபோல்:
மெமரிய மாத்திட்டேன் அண்ணா. அப்ப டீ 5ன்னு ஒருத்தன் அனுப்புனது 05ஆ, நான் 15ன்னு போட்டுட்டேன் 🤦 சரி, ஃபிப்ரவரி ஏஆர்ஆர்எல் (அமெரிக்க ஹாம் சங்கம்) போட்டில பவர் சொல்லணுமே, 100 வாட்டுக்கு ஏ டீ டீயா?

குன்னூர்_பேடில்:
ஆமா, அது ஓடும். கேப் மட்டும் விட்டு அடி, ஒட்டிக்கிச்சுன்னா டிட் டா டா டா, ஜே வாட்டுன்னு எழுதிக்குவான். 73 (வாழ்த்துகள்)