தேர்தல் நேரத்துல வேட்பாளர சபை மேடையில ஏத்துறது சரியா?

பெரோயா_17_11:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு வாரமா மனசு பாரமா இருக்கு, அதான் எழுதுறேன். எங்க சபை காரைக்குடியில, ஷீட் போட்ட சின்ன கட்டடம். போன ஞாயிறு ஆராதனை நடந்துக்கிட்டு இருக்கும்போதே ஒரு வேட்பாளர் வந்தாரு, பாட்ட பாதியில நிறுத்திட்டாங்க. முன்வரிசையில ஒரு பாட்டி உக்காந்திருந்துச்சு, ஆத்தங்குடி கல்லு பட்டறையில கல்லு சுமந்தே வயசானது, காது சரியா கேக்காதுன்னுதான் எப்பவும் முன்னாடி உக்காரும். அத எழுப்பி பின்னாடி செருப்பு கழட்டுற இடத்துக்கிட்ட சேர் போட்டாங்க. பாட்டி பைபிளையும் கண்ணாடிக் கூட்டையும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம போச்சு, அந்த சேர்ல அவரு உக்காந்தாரு. அப்புறம் பொன்னாடை, மைக்கு, "நான் ஜெயிச்சா உங்க கல்லறைத் தோட்டத்துக்கு இடம் வாங்கித் தர்றேன்"னு வாக்கு, சபையே கை தட்டுச்சு. யாக்கோபு 2ஆம் அதிகாரத்துல பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், ஏழைக்கு பாதபடியண்டைன்னு எழுதியிருக்கே, அது அப்படியே கண்ணு முன்னாடி நடந்துச்சு. இது சரியா, சொல்லுங்க.

தேவகோட்டை_விசுவாசி:
பிரதர், பாட்டிய எழுப்புனது தப்புதான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா கல்லறை விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க. எங்க அம்மா தவறுனப்போ ஊரு மயானத்துல இடமில்லன்னுட்டாங்க, பக்கத்துல இருக்குற பெரிய சபைக்காரங்க அவங்க மெம்பர்களுக்கு மட்டும்தான்னுட்டாங்க, ரெண்டு நாளு ப்ரீசர் பாக்ஸுல அம்மாவ வச்சுக்கிட்டு நான் அலைஞ்ச அலைச்சல் கர்த்தருக்குத்தான் தெரியும். கடைசியில வேன் புடிச்சு சித்தப்பா ஊருக்கு கொண்டுபோயி புதைச்சோம். அம்மா கல்லறைக்கு ஒரு மாலை போடணும்னா இன்னைக்கும் ரெண்டு பஸ்ஸு மாறணும். நாம சிறுபான்மை, நமக்காகப் பேச ஆள் வேணும். எஸ்தர் தன் ஜனத்துக்காக ராஜா முன்னாடி போயி நிக்கலையா? நெகேமியா ராஜாகிட்ட கடுதாசி வாங்கலையா? பவுலே இராயனுக்கு அபயமிடுறேன்னு, அதாவது ரோம ராஜாகிட்ட மேல்முறையீடு பண்றேன்னு சொன்னாரு, அப்போஸ்தலர் 25:11 பாருங்க.

பரதேசி_பயணி:
ரெண்டு பேரும் உலகக் காரியத்துல மாட்டிக்கிட்டீங்க. நம்ம குடியிருப்பு பரலோகத்துல இருக்கு, பிலிப்பியர் 3:20. ஆத்துமா ஆதாயம், ஜனங்கள இயேசுகிட்ட கொண்டுவர்றது, அத மட்டும் பாருங்க, அரசியல் நமக்கு எதுக்கு.

பெரோயா_17_11:
பரதேசி ஐயா, அதே வேதத்துலதான் எரேமியா 29:7 இருக்கு, பாபிலோன்ல சிறையா இருக்குற ஜனத்தப் பாத்து அந்தப் பட்டணத்தோட சமாதானத்த தேடுங்கன்னு கர்த்தர் சொல்றாரு. 1974ல சுவிட்சர்லாந்து லோசான்ல உலகம் பூரா இருந்து நம்ம சுவிசேஷ சபைக்காரங்க கூடுனாங்களே, அந்த உடன்படிக்கையும் சுவிசேஷம் சொல்றது, சமூக அரசியல் பொறுப்பு ரெண்டுமே கிறிஸ்தவக் கடமைன்னுதான் சொல்லுது. அதனால நான் ஒதுங்கச் சொல்லல.

தேவகோட்டை அண்ணே, உங்க அம்மா விஷயம் படிச்சு கண்ணு கலங்கிருச்சு. ஆனா பவுல் அபயமிட்டது சட்டத்துக்கிட்ட. விசாரிச்ச ரோம தேசாதிபதி பெஸ்துவுக்கு பொன்னாடை போத்தலையே. அதுக்கு முந்தின அதிகாரத்துல, பெஸ்துவுக்கு முன்னாடி இருந்த தேசாதிபதி பேலிக்ஸ் பணம் கிடைக்கும்னு எதிர்பாத்து பவுல அடிக்கடி கூப்புட்டு பேசுறான், பவுல் அவன்கிட்ட என்ன பேசுனாரு? நீதி, இச்சையடக்கம், இனி வரும் நியாயத்தீர்ப்பு. பேலிக்ஸ் பயந்துட்டான். நம்ம மேடையில வந்தவரு பயப்படுற மாதிரி நாம எதாவது சொன்னோமா?

ஓரியூர்_பக்கம்:
நான் ஆர்சி, ரோமன் கத்தோலிக்கன், கோவிச்சுக்காதீங்க, குறுக்க ஒண்ணு சொல்லிக்கிறேன். எங்க ஊருல 1693ல போர்ச்சுக்கல்ல இருந்து வந்த சாமியார் ஜான் டி பிரிட்டோ, நாங்க அருளானந்தர்னு சொல்லுவோம், தலைய வெட்டுனாங்க. ஞானஸ்நானம் கேட்டு வந்த ஒரு இளவரசன்கிட்ட ஒரு பொண்டாட்டியத் தவிர மத்தவங்கள விட்டுரணும்னு சொன்னாரு, அதுல ஒருத்தி ராமநாதபுரம் ராஜா சேதுபதிக்கு சொந்தக்காரப் பொண்ணு. யோவான்ஸ்நானகன் ஏரோது ராஜாகிட்ட சொன்னதும் மனைவி விஷயந்தான், ஜான்னாலும் யோவான்தான், பேரும் ஒண்ணு, முடிவும் ஒண்ணு. பெரிய ஆள் வந்தா சபையோட சட்டத்த வளைச்சுக்கலாம்னு அவரு நெனைக்கல.

சட்டம்_படிச்சவன்:
வேதம் ஒரு பக்கம் இருக்கட்டும், தேர்தல் நடத்தை விதியிலயே கோயில், மசூதி, சர்ச் எதையும் பிரச்சார மேடையாக்கக் கூடாதுன்னு இருக்கு. மதத்தச் சொல்லி ஓட்டு கேக்குறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)ன்படி முறைகேடு, 2017 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் ஏழு நீதிபதி பெஞ்சும் அத இன்னும் இறுக்கிருச்சு. மாட்டுனா பாஸ்டர் ஐயாவுக்குத்தான் தலைவலி.

தேவகோட்டை_விசுவாசி:
சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னா எல்லா இடத்துலயும் பாக்கட்டும் பிரதர். பெரோயா தம்பி, நீங்க சொல்ற வசனம் எல்லாம் சரி, எங்க ஆளுங்கள எங்க புதைக்கிறது? அதுக்கு பதில் சொல்லுங்க.

பெரோயா_17_11:
ஆதியாகமம் 23 எடுத்துப் பாருங்க அண்ணே, நேத்து ராத்திரி பூரா அதுலதான் இருந்தேன். சாராள் செத்துக் கெடக்குறா, ஆபிரகாமுக்கு அந்த ஊருல ஒரு அடி நிலமில்ல, உங்க அம்மா தவறுனப்போ நீங்க இருந்த நெலமதான். அந்த ஊர்க்காரங்க ஏத்தின் புத்திரர் முன்னாடி எழுந்து நின்னு கேக்குறாரு. நிலத்துக்காரன் எப்பெரோன் சும்மாவே தர்றேன்னு எல்லார் காதும் கேக்கச் சொல்றான். ஆபிரகாம் வாங்கல. நானூறு சேக்கல் வெள்ளிய எல்லாரும் பாக்க நிறுத்துக் குடுத்துதான் மக்பேலாங்குற அந்த நிலத்தையும் குகையையும் வாங்குறாரு. இலவசமா வாங்குன இடத்துக்கு நாளைக்கு கடன்பட்டிருக்கணும்ல.

தேவகோட்டை_விசுவாசி:
ஆபிரகாம்கிட்ட ஆடு மாடு வெள்ளி பொன் எல்லாம் இருந்துச்சு தம்பி. எங்க சபையில பாதிப் பேரு சித்தாளு, கொத்தனாரு. சென்ட்டு என்ன விலை விக்கிதுன்னு தெரியும்ல? புறம்போக்குல இடம் கேக்குறது இலவசம் இல்ல, அது நம்ம உரிமை.

பெரோயா_17_11:
அண்ணே, அதத்தான் நானும் சொல்றேன். உரிமைன்னா மேடை எதுக்கு, கைதட்டு எதுக்கு, அவருக்கு நம்ம ஓட்ட மொத்தமா எழுதிக் குடுக்குற மாதிரி ஒரு ஜெபம் எதுக்கு? ஆபிரகாம் ஊர் வாசல்ல எல்லாருக்கும் முன்னாடி வெளிப்படையா கேட்டாரு. நமக்கு ஊர் வாசல் கலெக்டர் ஆபீஸ். 1 தீமோத்தேயு 2ன்படி எல்லா வேட்பாளருக்காகவும் ஜெபிப்போம், பேரு சொல்லாம. இடத்த மனுவுல கேப்போம்.

தேவகோட்டை_விசுவாசி:
மூணு மனு குடுத்தாச்சு. மூணு ரசீதும் அம்மா போட்டோவுக்குப் பின்னாடி சொருகி வச்சிருக்கேன். மனு குடுத்தே நான் செத்துருவேன் போல இருக்கு, அப்ப என்னையும் வேன்லதான் கொண்டுபோவாங்க.

பெரோயா_17_11:
அந்த மூணு ரசீதையும் எடுத்துட்டு வாங்கண்ணே. தேர்தல் முடிஞ்சு சிவகங்கையில திங்கக்கிழமை குறைதீர் கூட்டம் மறுபடி ஆரம்பிச்சதும் போவோம், நாலாவது மனுவ நான் எழுதுறேன், நம்ம சபை, உங்க சபை, இன்னும் எத்தனை சபை வருதோ எல்லாரும் கையெழுத்து போடுவோம். ஓரியூர் அண்ணே, உங்க பங்குக் கோயில்ல பேச முடியுமா?

ஓரியூர்_பக்கம்:
சாமியார்கிட்ட கேக்குறேன் தம்பி.

தேவகோட்டை_விசுவாசி:
வர்றேன். ஆனா மேடை விஷயத்துல என் கருத்து மாறல, நாளைக்கு ஒருத்தரு வந்து இடம் தர்றேன்னா நான் கை தட்டத்தான் செய்வேன், என் நெலம அப்படி. அந்தப் பாட்டி எப்படி இருக்கு?

பெரோயா_17_11:
புதன்கிழமை ஜெபத்துக்கு வந்துச்சு. முன்னாடி வாங்க பாட்டின்னேன், வேண்டாம்யா இங்கனயே இருக்கேன்னு செருப்புக்கிட்டயே உக்காந்துருச்சு. நானும் பக்கத்துல சேர் போட்டு உக்காந்து வசனத்த காதோட சொன்னேன்.