ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதுக்கு மேல இருக்கிற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) போச்சுன்னு சந்தேகப்பட்டவங்க, நடந்ததைச் சொல்லுங்க

வாரத்துக்கு அரை லிட்டர் கூலன்ட், அதான் இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணி, காணாமப் போகும். கீழே ஒரு சொட்டு கிடையாது. ரெண்டு மாசம் ஊத்திக்கிட்டே ஓட்டினேன். ஒருநாள் காலையில, ராத்திரி முழுக்க ஆறின வண்டி, ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம்கூட ஆகல, ரேடியேட்டர் மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகிடுச்சு. தொட்டா ஜில்லுன்னு இருக்கு! சூடே ஆகாத தண்ணிக்கு அவ்வளவு அழுத்தம் சிலிண்டர்லேர்ந்துதானே வரணும். ஹெட்டைத் தூக்கினா, ரெண்டாவது சிலிண்டருக்கும் தண்ணி வழிக்கும் நடுவுல கருப்பா ஒரு கோடு. இத்துனூண்டு.

*

எனக்கு நேர்மாறு. ஆயில் மூடிக்கு அடியில நுரைச்ச வெள்ளைப் பசை. மெக்கானிக் "கேஸ்கெட்தான்"னார், நானும் தலையாட்டினேன். கழட்டின கேஸ்கெட்டை வெளிச்சத்துல பிடிச்சு, திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம நின்னார் பாருங்க... முழுசா நல்லா இருந்தது. குளிர் நாள்ல தினம் ரெண்டு கிலோமீட்டர்தான் ஓட்டுவேன். ஆயில் சூடாகாததால உள்ளே வேர்த்த ஈரம் மூடியில படிஞ்சிருக்கு. கூலன்ட் குறையவே இல்ல.

*

மேலே உள்ளவர் மெக்கானிக் மேல பழி போடறது சரியில்ல. டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) நீங்களே உருவிப் பார்த்திருக்கலாமே? என் கதை சின்னது: கேஸ்கெட் மாத்தி மூணே வாரத்துல மறுபடி வெள்ளைப் புகை, கூலன்ட் எரியுற அதே இனிப்பு வாடை. ஹெட் வளைஞ்சிருக்கான்னு யாருமே அளக்கல.

செய்யப்போறவங்க கேளுங்க. நேர்ச்சட்டம் வச்சு, குறுக்கேயும் மூலைக்கு மூலையும், இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க. நிறைய இன்ஜினுக்கு 0.05 மி.மீ. தாண்டினாலே ஃபேசிங் (மெஷின்ல சீவிச் சமமாக்குறது) போடணும், உங்க வண்டி அளவை மேனுவல்ல பாருங்க. அலுமினிய ஹெட்டை உப்புத்தாள் சக்கரம் போட்டுத் தேய்க்காதீங்க, அந்தத் தூள் பேரிங்கைத் தின்னுடும். இழுபட்டு இறுகுற வகை போல்ட்னா புதுசுதான் போடணும். போல்ட் குழியில எண்ணெயோ தண்ணியோ தேங்கியிருந்தா முறுக்கும்போது பிளாக்கே வெடிக்கும், ஊதிக் காய வைங்க. நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா, படிப்படியா முறுக்கணும். இன்னொண்ணு, பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர்ல கம்ப்ரஷன் (உள்ளே அமுங்குற காத்தோட அழுத்தம்) சேர்ந்து குறைஞ்சா, அதுங்களுக்கு நடுச்சுவர்ல கேஸ்கெட் போயிருக்கு. முதல் ஆள் மாதிரி தண்ணிப் பக்கம் சின்னதா போனா கம்ப்ரஷன் சரியாவே காட்டலாம்.

*

பழி போடல சார். தலையாட்டினது நான்தான்னு எழுதியிருக்கேனே.

*

கூலன்ட்ல எரிஞ்ச வாயு கலந்திருந்தா நிறம் மாறுற நீல திரவ டெஸ்ட் என்னை ரெண்டு தடவை ஏமாத்திச்சு. இன்ஜின் சரியா சூடாகறதுக்குள்ள எடுத்துட்டேன். மூணாவது தடவை தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டுக்கு வழி விடற வால்வு) திறக்கிற வரைக்கும் விட்டேன். கண்ணு முன்னால நீலம் பச்சையாகி மஞ்சளாச்சு. அதுக்குள்ள ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட், தண்ணி பம்ப் எல்லாம் மாத்தி முடிச்சிருந்தேன். இப்போ கேஸ்கெட்டும் புதுசு, ஹெட்டும் ஃபேசிங் போட்டாச்சு. ஆனாலும் இன்னைக்குக் காலையிலகூட ஹோஸை அமுக்கிப் பார்த்துட்டுதான் கிளம்பினேன்.