ஆடு விற்ற பிறகு திருப்பிக் கொடுக்கும் காசு: அயர்லாந்துச் சந்தையிலும் இருக்கிறதா?

சாயல்குடி பட்டிக்காரன்:

எனக்குச் சாயல்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கொடியாடு வளர்க்கிறோம். கரும்போரை, செம்போரை என்று இரண்டு நிறத்திலுமாகப் பட்டியில் இப்போது 41 உருப்படி. அய்யா இருந்தவரை விற்பனை முழுக்க அவர் கையில்தான். போன ஆவணியில் அவர் தவறிவிட்டார். இந்த பக்ரீத்துக்குத்தான் முதல் தடவையாக நான் தனியாக நின்று கிடா விற்றேன்.

கீழக்கரையிலிருந்து வருஷா வருஷம் எங்களிடம் வாங்கும் ஒரு பெரியவர் வந்தார். மூன்று கிடாவுக்கும் பல் பார்த்தார், கொம்பையும் காதையும் தடவிப் பார்த்தார். குர்பானிக்கு ஊனம் இருக்கக் கூடாது என்பதால் நாங்கள் அடையாளத்துக்குக் காது அறுப்பதில்லை, சாயம் மட்டும்தான். விலை படிந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்தார். கிடாக்களை வண்டியில் ஏற்றியும் ஆயிற்று. ஆனால் கிளம்பாமல் நின்றுகொண்டே இருந்தார். என்னவென்று கேட்டேன். "உங்க அய்யா கடைசியில ஒண்ணு கொடுப்பாரே தம்பி" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாதான் அடுப்படியிலிருந்து வேகமாக வந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை என் கையில் திணித்து, "பாய்கிட்ட குடு" என்றார். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அய்யா அப்படிக் காசு கொடுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வண்டிக்காரருக்கு டீ குடிக்கக் கொடுக்கிறார் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கைராசிக் காசு என்று அம்மா சொல்கிறார். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை.

என் அத்தை மகள் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது, அங்கேயும் மாடு, குதிரை விற்றால் இப்படித்தான் திருப்பிக் கொடுப்பார்கள் என்று கூட வேலை செய்யும் அம்மா ஒருவர் சொன்னாராம். அது உண்மையா? எதற்காகக் கொடுக்கிறார்கள்? தள்ளுபடி என்றால் விலையிலேயே குறைத்துவிடலாமே. நான் சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. அடுத்த தடவை பட்டி வாசலில் நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

தேவிபட்டினத்தான்:

தம்பி, அய்யா தவறிய செய்தி மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் அம்மா சரியான நேரத்தில் ஓடிவந்தார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018 முதல் 2024 வரை நான் அயர்லாந்தில் ஓர் இறைச்சி ஆலையில் வெட்டும் வேலை பார்த்தேன். கால்வே மாவட்டத்தின் கிழக்குப் பக்கம். அங்கே பாலினஸ்லோ என்று ஓர் ஊர். அக்டோபர் மாதம் அந்த ஊர்த் திடலில் கூடும் குதிரைச் சந்தை ஐரோப்பாவிலேயே பழைய, பெரிய சந்தைகளில் ஒன்று. ஒரு காலத்தில் செம்மறியும் மாடும் அங்கே பல்லாயிரக்கணக்கில் கைமாறின. இப்போது குதிரைதான் பிரதானம். 2019, 2022, 2023 என்று மூன்று தடவை போயிருக்கிறேன். லீவு போட்டுவிட்டுப் போய், காலையிலிருந்து சாயங்காலம் வரை சேற்றில் நின்றிருக்கிறேன். ஆறு வருஷத்தில் ஊரில் இருப்பது போலவே எனக்குத் தோன்றிய இடம் அது ஒன்றுதான்.

ஆமாம், அங்கேயும் உண்டு. லக் பென்னி, அதாவது அதிர்ஷ்டக் காசு என்று பெயர். விற்றவர்தான் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். நான் பார்த்த ஒரு பேரத்தை அப்படியே சொல்கிறேன்.

சாம்பல் நிறத்தில் ஒரு மட்டக்குதிரை. விற்பவர் 1,500 யூரோ சொல்கிறார், வாங்குபவர் 1,100க்கு மேல் வரமாட்டேன் என்கிறார். சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறார். போகவிட்டால்தானே! நடுவில் ஒருவர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார். அவரை டேங்ளர் என்பார்கள், நம் தரகர் மாதிரி. இரண்டு பேருடைய கையையும் பிடித்து ஒன்றோடொன்று சேர்க்கப் பார்க்கிறார். விற்பவர் உதறுகிறார். மறுபடியும் பிடிக்கிறார். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. "நடுவில் பிரித்துக்கொள்ளுங்கள்" என்று கூட்டமே சத்தம் போடுகிறது. கடைசியில் விற்பவர் தன் உள்ளங்கையில் துப்பிக்கொண்டு, வாங்குபவர் கையில் ஓங்கி அறைகிறார். 1,300. அறைந்தால் முடிந்தது, அதற்குப்பிறகு பேச்சு மாறக் கூடாது. பணம் எண்ணி வாங்கிய பிறகு, அதிலிருந்தே ஒரு 20 யூரோவை எடுத்து வாங்கியவர் கையில் வைத்தார்.

இதை நான் குடியிருந்த வீட்டுக்காரப் பெரியவரிடம் கேட்டேன். அவருக்கு அப்போதே 78 வயது, மாடு வளர்த்தவர். உங்கள் கேள்வியையே நானும் கேட்டேன், விலையிலேயே குறைத்தால் என்ன என்று. அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஒருவர் 60 பவுனுக்கு (யூரோவுக்கு முன்பு அங்கே இருந்த பணம்) கீழே தரமாட்டேன் என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டார், மற்றவர் 59க்கு மேல் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரும் வாயை விட்டாயிற்று. அப்போது 60க்குக் கையறைந்து, ஒரு பவுனை லக் என்று திருப்பிக் கொடுத்தால், விற்றவர் 60க்கு விற்றேன் என்று வீட்டில் சொல்லலாம், வாங்கியவர் 59தான் செலவழித்தேன் என்று சொல்லலாம். இரண்டுமே உண்மை. அதனால் எவ்வளவு லக் கொடுப்பாய் என்று முன்கூட்டியே கேட்டுப் பேசுவதும் உண்டு, அதில் யாருக்கும் வெட்கமில்லை.

இன்னொரு காரணமும் சொன்னார். மாடு போகும்போது அதோடு சேர்ந்து விற்றவருடைய அதிர்ஷ்டமும் போய்விடக் கூடாது, வாங்கியவருக்கும் அது கையில் நிலைக்க வேண்டும். ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிறவர் மனக்குறையோடு அனுப்புகிறார் என்று அர்த்தமாம். அப்படி வந்த மாட்டைக் கொட்டிலில் கட்ட அவருடைய அப்பாவுக்குப் பிடிக்கவே பிடிக்காது.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது சந்தை தெருவிலேயே நடந்திருக்கிறது. விடியற்காலை 3 மணிக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்புவார்களாம். வழியில் திறந்த வாசல், கிளைப் பாதை ஒவ்வொன்றிலும் ஒரு பையன் முன்னால் ஓடிப்போய் மறித்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மாடு உள்ளே புகுந்துவிடும். அதுதான் அவர் வேலை. கடைக்காரர்கள் கண்ணாடிக்கு முன்னால் மரத்தடுப்பு கட்டியிருப்பார்கள். பேரம் முடிந்த மாட்டின் முதுகில் சேற்றை எடுத்துப் பூசிவிட்டால், விற்றாயிற்று என்று அடையாளம். அன்று கிடைக்கும் பணத்தில்தான் மளிகைக் கடைப் பாக்கி தீரும். மாடு விலைபோகாமல் அதே இருட்டில் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது. எனக்கு எங்கள் அம்மா ஞாபகம் வந்தது. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குக் கொண்டுபோன இரண்டு ஆடு விற்காமல், லாரிக்குக் கூலியும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, யாரோடும் பேசாமல் படுத்தார்.

ஒரே ஒரு வித்தியாசம் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. நம் பக்கம் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவோம், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. அங்கே எல்லாம் வெளிச்சத்தில், ஊர் பார்க்க. நம்மூரில் பேரம் முறிந்தாலும் விற்பவருடைய முகம் வாடாது, எவ்வளவு கேட்டார்கள் என்று யாருக்கும் தெரியாதே. அங்கே கூட்டம்தான் சாட்சி. எனக்கு இரண்டும் பிடித்திருக்கிறது. முன்பு துண்டு என்றால் ஏமாற்றுவதற்கு என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

மண்டபம் பாசிக்காரி:

தேவிபட்டினத்து அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்ததும் என் தங்கை கொண்டுவந்த பொட்டலம் ஞாபகம் வந்தது. அவள் பெல்ஃபாஸ்டில் இருக்கிறாள். அதற்கு வடக்கே பாலிகாசில் என்ற கடற்கரை ஊரில் ஆகஸ்ட் மாதக் கடைசித் திங்களும் செவ்வாயும் லாமஸ் சந்தை கூடும். பழைய ஆட்டுச்சந்தை, குதிரைச்சந்தை. அங்கே போகிறவர்கள் இரண்டு தின்பண்டம் வாங்காமல் திரும்பமாட்டார்களாம். ஒன்று மஞ்சளாக, கல் மாதிரி கெட்டியாக இருக்கும் சர்க்கரை மிட்டாய். இன்னொன்று டல்ஸ். என்னவென்று பார்த்தால் காய்ந்த பாசி! சிவப்புப் பாசியைப் பாறையிலிருந்து பறித்து, வெயிலில் காயவைத்து, அப்படியே வாயில் போட்டு மெல்கிறார்கள். உப்புக் கரித்தது, ஆனால் எனக்குப் பிடித்தது.

நான் 14 வயதிலிருந்து முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறேன். கஞ்சிப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்திருக்கிறேன். மரிக்கொழுந்து, அகர் என்ற கூழ்ப்பொருள் செய்யும் ஆலைக்குப் போகிறது. யார் சாப்பிடுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அந்த ஊரில் பாசி எடுத்தவர்கள் ஆட்டுச்சந்தைக்குக் கொண்டுபோய், முகம் பார்த்து விற்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

தம்பி கேட்டதற்கு வருகிறேன். இது நம் கொசுறு மாதிரிதானே? கறிவேப்பிலை கேட்டு வாங்குவதுபோல?

முதுகுளத்தூர் கால்நடை உதவியாளர்:

எல்லோரும் பழைய சந்தையைக் கொண்டாடுகிறீர்கள். மாற்றுக் கருத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

துண்டுப் பேரத்தில் நஷ்டப்படுவது பெரும்பாலும் இரண்டு ஆடு, மூன்று ஆடு வைத்திருக்கும் பெண்கள்தான். தரகருக்கும் வியாபாரிக்கும் விரல் பாஷை தெரியும், விற்க வந்தவருக்குத் தெரியாது. கண்ணால் பார்த்து 14 கிலோ தேறும் என்பார்கள், அறுத்தால் 17 தேறும். என் சின்னம்மாவே இப்படி ஏமாந்திருக்கிறார். அயர்லாந்தில் 1950களின் நடுவிலிருந்து விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து மார்ட் என்ற ஏலக் கூடங்களை அமைத்தார்கள். மாடு தராசில் ஏறும், எடை எல்லோருக்கும் தெரியும், பிறகு ஏலம். கேட்ட விலை பிடிக்கவில்லை என்றால் விற்பவர் மறுத்துவிடலாம். தெருச் சந்தைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோனதற்கு அதுதான் காரணம். அந்த விவசாயிகள் விரும்பித்தான் அங்கே போனார்கள்.

பட்டிக்காரத் தம்பிக்கு என் யோசனை: கைராசிக் காசு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு தொங்கு தராசு வாங்கி வாசலில் மாட்டுங்கள். உயிர் எடை தெரியாமல் எந்தக் கிடாவையும் விடாதீர்கள்.

தேவிபட்டினத்தான்:

தராசு விஷயத்தில் சார் சொல்வதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டுக்காரப் பெரியவரும் மார்ட் வந்தபோது தன் அம்மா நிம்மதியாக மூச்சு விட்டார் என்றுதான் சொன்னார். மழையில் நாள் முழுக்க நிற்க வேண்டியதில்லை, பணமும் நிச்சயம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தராசு வந்தது, ஏலம் வந்தது, எடை பலகையில் ஒளிர்கிறது, மாட்டின் இரண்டு காதிலும் மஞ்சள் அட்டை. இவ்வளவும் வந்த பிறகும், ஏலம் முடிந்து வெளியே வந்ததும், விற்றவர் வாங்கியவரைத் தேடிப்போய் லக் கொடுக்கும் வழக்கம் போகவில்லை. இதை நான் இரண்டு தடவை நேரிலேயே பார்த்தேன். தரகரை எடுத்துவிட்டார்கள், துப்பிக் கையறைவதை எடுத்துவிட்டார்கள், இதை மட்டும் விடவில்லை.

தங்கச்சி, கொசுறு வேறு. அதை வாங்குபவர் கேட்டு வாங்குகிறார், விற்பவர் அலுத்துக்கொண்டு போடுகிறார். இது விற்பவர் தானாகக் கொடுப்பது. உள்ளங்கையில் வைக்க வேண்டும், தூக்கிப் போடக் கூடாது. காசை வாங்கிய பிறகு, ஆடு செருமுகிறது என்று மறுநாள் சண்டைக்கு வர வாங்கியவருக்கு மனசு வராது. செருமுகிற ஆட்டைத் தள்ளிவிட்டு அந்தக் காசைக் கொடுக்க விற்றவருக்கும் கை வராது. உங்கள் கீழக்கரைப் பெரியவர் நூறு ரூபாய்க்காக நிற்கவில்லை தம்பி. அய்யாவோடு இருந்த வழக்கம் உங்களோடும் தொடருமா என்று பார்க்கத்தான் நின்றிருப்பார்.

கிடா விற்கிறவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கெர்ரி மாவட்டத்தில் கில்லார்க்ளின் என்ற ஊர். அங்கே ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 10, 11, 12 தேதிகளில் கிடாச் சந்தை. அதற்கு 1613இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் கொடுத்த பட்டயம் இருக்கிறது. மலையிலிருந்து ஒரு காட்டுக் கிடாவைப் பிடித்துவந்து, பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி அதற்குக் கிரீடம் சூட்டுவாள். அந்த மூன்று நாளும் அதுதான் ராஜா. உயரமான மேடையில் கூண்டுக்குள் ஏற்றிவைத்துத் தழையும் தண்ணீரும் கொடுப்பார்கள். திருவிழா முடிந்ததும் மறுபடி மலைக்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அவ்வளவு உயரத்தில் கூண்டில் வைப்பது அதற்குக் கஷ்டம் என்று அங்கேயே பலர் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் பிடித்ததைத் திரும்ப விடுவது எனக்குப் பிடித்திருந்தது.

சாயல்குடி பட்டிக்காரன்:

அண்ணே, அக்கா, சார், எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உள்ளங்கையில் வைக்க வேண்டும் என்ற இடம் வந்ததும், "உங்க அய்யா அப்படித்தான் வைப்பார்" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். அய்யா கிடாவை அனுப்பும்போது கழுத்துக் கயிற்றை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வாராம், வாங்குபவர் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்ட வேண்டும். மாட்டுக்கொட்டகைப் பரணில் பார்த்தேன். ஒரு சாக்கு நிறைய பழைய கயிறு இருக்கிறது.

தராசுக்கு ராமநாதபுரத்தில் சொல்லிவைத்திருக்கிறேன். சீமைக்கருவேல நெத்து தின்று ஆடுகளும் இப்போது நன்றாகத்தான் தேறியிருக்கின்றன. வரும் வியாழக்கிழமை ஏர்வாடிப் பக்கம் ஒருவருக்கு நான்கு கிடா கொடுக்கிறேன். அம்மா இப்போதே நான்கு ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டார்.

அந்தக் கயிறு கழற்றும் வழக்கம் உங்கள் ஊர்களில் உண்டா?